மியாமோட்டோவா, கோஜிமாவா?

ரிச்சி தெருவில் வாங்கிய கேசட்டில் மாரியோ வீடியோ கேம் ஆடி வளர்ந்த சென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஷிகெரு மியாமோட்டோவைத் தெரியும்? 1981-இல் டாங்கி காங், 1985-இல் சூப்பர் மாரியோ, அடுத்த ஆண்டே செல்டா என்று ஆட்டங்களைப் படைத்த ஜப்பானிய வடிவமைப்பாளர் அவர். புகழெல்லாம் அந்த மீசைக்கார மாரியோவுக்கே போனது.

இன்னொரு ஜப்பானிய ஆட்ட வடிவமைப்பாளரான ஹிடியோ கோஜிமா நேர்மாறு. ஆட்டத்தின் உறையிலேயே தன் பெயரைப் பொறிப்பவர். 2015-இல் கோனாமி என்ற ஆட்ட நிறுவனத்தை விட்டுப் பிரிந்தபோது ரசிகர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். அவருடைய ஆட்டங்களின் இடையே ஓடும் நீண்ட காட்சிகள் பொறுமையைச் சோதிப்பதும் உண்மைதான்.

எனக்கு மியாமோட்டோவே பெரியவர். மாரியோவில் முதல் எதிரி மீது மோதி உயிரை விட்டோம், மறுமுறை தாண்டினோம். ஒரு சொல் விளக்கம்கூட இல்லாமல் அதைக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை என் தங்கை மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.