தமிழ் முஃபாசா: அர்ஜுன் தாஸின் குரலும் நம்ம வீட்டு ஸ்பீக்கரும்

அர்ஜுன் தாஸ் என்றால் நம்ம மலையகத்து இளவட்டத்துக்கு முதலில் ஞாபகம் வருவது 2019இல் வந்த ‘கைதி’யின் வில்லன் அன்புதான். பிறகு ‘மாஸ்டர்’, ‘விக்ரம்’. முகத்தைக் காட்டாமல் இரண்டு வார்த்தை பேசினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்தக் குரலை டிஸ்னி ஒரு சிங்கத்துக்குக் கொடுத்தது. சிம்பாவின் அப்பா முஃபாசா ராஜா ஆவதற்கு முந்திய கதையைச் சொல்லும் ‘முஃபாசா: தி லயன் கிங்’ 2024 டிசம்பர் 20இல் வெளியானது. ஆங்கிலத்தில் முஃபாசாவாகப் பேசியவர் ஆரன் பியர், இந்தியில் ஷாருக் கான், தெலுங்கில் மகேஷ் பாபு. தமிழில் அர்ஜுன் தாஸ்.

இந்தக் குரலைக் கேட்டவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, “இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு கத்தவே இல்லையே” என்ற குறை. இன்னொரு கட்சிக்கு, கத்தாததுதான் அழகு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் கட்சியில் கொஞ்சப் பேர் குறை சொல்வது அர்ஜுன் தாஸை அல்ல, தங்கள் வீட்டு டிவியை. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் இந்தப் படத்தில் குரலுக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். கையால் வரைந்த கார்ட்டூன் சிங்கத்துக்குப் புருவம் உண்டு, இளிப்பு உண்டு, கண்ணை உருட்டும். குரல் கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் முகம் காப்பாற்றிவிடும். இந்தப் படத்தின் சிங்கங்கள் காட்டில் படம் பிடித்த மாதிரி இருப்பவை. அழுதாலும் அதே முகம், பொறாமைப்பட்டாலும் அதே முகம். நடிப்பு முழுவதும் குரலின் தலையில்தான். அதோடு முஃபாசா பேசும்போது ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் நினைவு வராமல் இருக்காது. 1994இலும் 2019இலும் வந்த ‘தி லயன் கிங்’ படங்களில் முஃபாசாவாகப் பேசிய அவர் 2024 செப்டம்பரில் காலமானார். படமே அவருக்கு அஞ்சலி சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. ஆரன் பியர் அந்தக் குரலைக் காப்பியடிக்காமல், அது உருவாவதற்கு முந்திய வயதைப் பேசினார். அர்ஜுன் தாஸும் அதே வழியில்தான் போயிருக்கிறார். இன்னும் ராஜா ஆகாத ஓர் அநாதைப் பொடியன் ராஜா மாதிரி முழங்கினால் கதையே கெட்டுவிடும்.

அவருக்காகவே பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். எடுத்த எடுப்பில் அவர் வரமாட்டார். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போவதும், முதலைகளிடமிருந்து அரச வாரிசுக் குட்டி டாக்காவும் அவன் தாய் ஏஷேயும் முஃபாசாவைக் காப்பாற்றுவதும் குட்டிப் பருவம். அண்ணன் தம்பிப் பாட்டு ஓடும்போதுதான் குட்டிகள் வளர்கின்றன, குரலும் அங்கேதான் மாறுகிறது. அதுவரை பொறுமை வேண்டும்.

அவர் ஜெயிப்பது அடங்கிப் பேசும் இடங்களில். சராபி என்ற பெண் சிங்கத்தின் மனத்தைப் பிடிக்க என்ன பேச வேண்டும் என்று டாக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் முஃபாசா. சொல்லிக்கொடுக்கிறவனுக்கே அவள்மீது ஆசை. வாய் தம்பிக்காகப் பேசுகிறது, மூச்சு தனக்காக இழுக்கிறது. அந்த இடத்தில் அர்ஜுன் தாஸ் சொல்லின் கடைசி அசையைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுகிறார். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் உணர்ச்சியும் கடைசியில்தான் வந்து விழும். ஆங்கிலத்தில் வசனத்தின் நடுவிலேயே விழுந்த அடியைத் தமிழ்க் குரல் இரண்டு நொடி தாங்கிக்கொண்டுபோய் முடிவில் போட வேண்டும். டப்பிங்கில் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இவர் தடுமாறவில்லை. கடைசியில் டாக்காவைத் தங்கவிட்டு, ஆனால் அவன் பெயரை இனி வாயால் சொல்லமாட்டேன் என்று ஒதுக்கும் கட்டமும் அப்படித்தான். கோபத்தை ஏற்றவில்லை, இறக்கினார். அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் பழைய படங்களின் வில்லன் பெயரான ‘ஸ்கார்’ வந்து உட்காருகிறது.

தோற்பது ஓட்டத்திலும் கூட்டத்திலும். டப்பிங்கில் வசனத்தோடு மூச்சு, முனகல், விழும் சத்தம், பாய்வதற்கு முன் இழுக்கும் காற்று என்று தனி வேலை ஒன்று இருக்கிறது. தொழில்முறை டப்பிங் கலைஞர்கள் அதற்காகவே உடம்பை வளைத்து, வயிற்றை இறுக்கிப் பேசுவார்கள். நட்சத்திரங்கள் மைக்குக்கு முன்னால் நேராக நின்று பேசினால் சிங்கம் ஓடும், குரல் நிற்கும். இங்கே இரண்டு மூன்று இடத்தில் அது தெரிகிறது. எல்லாரும் தேடிப்போகும் மிலேலே என்ற நிலத்தில் எல்லா மிருகங்களையும் ஒன்றுசேர்த்துப் பேசும் கட்டம் இன்னொரு குறை. அழுத்தம் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அர்ஜுன் தாஸ் வேகத்தைக் குறைக்கிறார். ஒருவரிடம் பேசும்போது அது மிரட்டல். ஆயிரம் பேரிடம் பேசும்போது சுருதி ஏறினால்தான் கடைசி வரிசைவரை போகும். சுருதி ஏறவே இல்லை. முதல் கட்சிக்காரர்களின் குறை இந்தக் கட்டத்துக்கு மட்டும் முழுக்கப் பொருந்தும். ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: கர்ஜனை பொதுவாக எந்த மொழியிலும் வசனம் பேசும் நடிகரின் தொண்டையிலிருந்து வருவதில்லை, ஒலி வடிவமைப்பாளர்கள் செய்வது. “தமிழில் கர்ஜனை நல்லா இல்லை” என்று அர்ஜுன் தாஸைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

மற்றவர்களில் அசோக் செல்வனின் டாக்கா எதிர்பார்த்ததைவிட மேல். ‘போர் தொழில்’ பார்த்தவர்களுக்குத் தெரியும், பயந்த பையனின் குரல் அவருக்குக் கைவந்தது. பக்கத்தில் அர்ஜுன் தாஸின் கனமான குரல் நிற்கும்போது டாக்கா பேசும் முன்பே தோற்றவன் மாதிரி தெரிகிறான், கதைக்கு அது பெரிய உதவி. வெள்ளைச் சிங்கம் கீரோஸுக்கு நாசர். அவசரமே இல்லாமல் பேசுகிறார். பயம் அங்கேதான் இருக்கிறது. டப்பிங் எப்படிச் செய்ய வேண்டும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இவர் வரும் காட்சிகளைப் போட்டுக் காட்டலாம். இளவயதுக் குரங்கு ரஃபிகிக்கு விடிவி கணேஷ். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிரச்சினையும் அதுதான். ரஃபிகி மந்தையால் ஒதுக்கப்பட்டவன். அவன் வேதனையைச் சொல்லும் நேரத்திலும் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது.

கீரி டிமோனுக்குச் சிங்கம்புலி, பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர். 2019 படத்திலும் இதே சோடிதான். கதையை அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் கிண்டல் அடிப்பது பெரியவர்களுக்குச் சலிக்கும், ஆனால் சின்னவர்கள் எழுந்து ஓடாமல் இருப்பது இவர்களால்தான். வசனம் சுத்தமான தமிழகத்து டிவி காமெடிப் பேச்சு. நம்ம பிள்ளைகள் அதிலேயே ஊறியவர்கள், ஒன்றும் தப்பாது. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில் மறைந்துவிட்டார். இப்போது கேட்கும்போது அந்தப் பன்றியின் சிரிப்பு வேறு மாதிரி படுகிறது.

பாட்டுக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு எழுதிய லின்-மானுவல் மிராண்டாவின் மெட்டு அசைகளை நெருக்கி அடுக்கும் மெட்டு. தமிழ்ச் சொல் நீளமானது. திணித்திருப்பது கேட்கிறது.

நட்சத்திரக் குரலை மாற்றி மாற்றிப் போடுவது இந்தக் கதைக்குப் புதிதில்லை. 1994 படத்தின் தமிழில் சிம்பாவாகப் பேசிய அரவிந்த் சாமி, 2019இல் ஸ்காராகப் பேசினார். பெறாமகனாக ஆரம்பித்து சித்தப்பாவாக முடித்தவர் அவர். டப்பிங் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் நம்ம இலங்கையில் ரூபவாஹினி டிவியில் டைட்டஸ் தொட்டவத்த செய்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கார்ட்டூன் முயல் பக்ஸ் பனியைச் சிங்களத்தில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கியவர் அவர். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் மொழியிலேயே கேட்கும்போது அம்மாச்சியும் பேரனும் ஒரே நேரத்தில் சிரிக்க முடிகிறது. தமிழ் ஒலித்தடத்தின் முதல் பயன் அதுதான்.

இனி ஸ்பீக்கர் விஷயம். அர்ஜுன் தாஸின் பலம் முழுக்க அடிக்குரல். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ்வரை. இப்படிப்பட்ட குரல் அதில் கீழ்ப்பகுதியில்தான் உட்காரும். மெல்லிய டிவியின் பின்புறத்தில், சுவரைப் பார்த்து வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகப் பேசாது. மேல் சுரங்களை வைத்து நம் காது ஆழமான குரல் என்று கண்டுபிடித்துவிடும், ஆனால் நெஞ்சில் இடிக்கும் கனம் வராது. அதிலும் அவர் அடங்கிப் பேசும் இடங்கள்தான் முதலில் காணாமல் போகும். மழை நேரத்தில் இன்னும் மோசம். தகரக் கூரையில் விழும் சத்தம் எல்லாச் சுருதியிலும் பரவுவதால் க, ச, த, ப எல்லாம் அதில் கரைந்துவிடும்.

உடனே எல்லாரும் செய்வது பாஸ் கூட்டுவது. அதுதான் தப்பு. சின்ன ஸ்பீக்கரில் பாஸ் கூட்டினால் பெட்டி அதிரும், சொல் மங்கும். பாஸை நடுவில் விடுங்கள். சவுண்ட் மெனுவில் குரலைத் தெளிவாக்கும் மோட் இருந்தால் போடுங்கள். சொல்லின் தெளிவு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் அது அந்தப் பகுதியைத்தான் தூக்கிவிடும். சரவுண்ட் எஃபெக்ட் ஓனாக இருந்தால் ஓஃப் செய்யுங்கள், இரண்டு ஸ்பீக்கர் டிவியில் அது நடுவில் நிற்க வேண்டிய குரலைச் சிதறடிக்கும். சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் இரவு மோட் இருந்தால், கீரோஸ் பாயும்போது பக்கத்து லயத்துக் குழந்தை விழிக்காது, முஃபாசா முனகுவதும் கேட்கும்.

இசை பெரிதாகவும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் இருந்தால் காரணம் அநேகமாக 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் பெட்டிக்கும் பிரித்து அனுப்பும் ஒலி. அந்த ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பழைய ஹோம் தியேட்டர் செட்டில் இடம் பத்தாமல் முன்னால் இரண்டை மட்டும் இணைத்து, நடு ஸ்பீக்கரை அலுமாரிமேல் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதை வயர் போட்டு டிவிக்குக் கீழே வையுங்கள். முடியாவிட்டால் டிவியில் ஓடியோ அவுட்புட்டை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றுங்கள், பேச்சு இரண்டு பக்கத்துக்கும் பிரிந்து வந்துவிடும்.

புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்குவரை பிந்தி வரலாம். வாய் மூடிய பிறகு சொல் வந்தால் டப்பிங் சரியில்லை என்று நினைக்கத் தோன்றும். இந்தச் சிங்கங்களின் வாயசைவு சின்னது, அதனால் தமிழ் ஒலித்தடம் பெரும்பாலும் நன்றாகவே பொருந்துகிறது. ‘முஃபாசா’, ‘டாக்கா’, ‘சராபி’ என்ற பெயர்கள் எல்லா மொழியிலும் அப்படியே இருப்பதால் சோதிப்பது சுலபம்: யாராவது முஃபாசாவைக் கூப்பிடும்போது முதல் ‘மு’வுக்கு வாய் மூடுகிறதா என்று பாருங்கள். மூடித் திறந்த பிறகு சொல் வந்தால் கோளாறு புளூடூத்தில். பல டிவிகளில் உள்ள ஒலித் தாமத செட்டிங் ஒலியைப் பின்னுக்குத் தள்ள மட்டும்தான் உதவும், முன்னுக்கு இழுக்காது. வயர் போடுவதுதான் வழி.

படம் போட்டதும் மொழி மெனுவில் தமிழ் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல கருவிகள் ஆங்கிலத்திலேயே ஆரம்பிக்கும். நீளம் 118 நிமிடம். இது சின்னவர்களுக்கு ஒரே இருப்பில் அதிகம். டாக்காவும் முஃபாசாவும் அருவியிலிருந்து குதித்துத் தப்பும் இடத்துக்குப் பிறகு நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், கதை அறுபடாது. வெள்ளமும் முதலையும் ஆரம்பத்திலேயே வருகின்றன. பிறகு ஏஷேமீது வெள்ளைச் சிங்கங்கள் பாயும் காட்சி இருக்கிறது. நம்ம நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாதுதான், ஆனால் தேயிலை மலையில் சிறுத்தை நடமாடும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் காட்சி வெறும் படமாக இருக்காது. 5, 6 வயதுப் பிள்ளைகளோடு பார்த்தால் லைட்டை அணைக்காமல், அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.