அகழெலியை விரட்ட ஆமணக்குச் செடியா, விளக்கெண்ணெயா?

கிழக்கு அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளியில் வரப்பு வரப்பாக மண் மேடு எழுந்தால் அது பெரும்பாலும் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலியின் (mole) வேலை. எலி என்று பெயர் இருந்தாலும் அது கொறிக்கும் பிராணி அல்ல. மண்புழுவும் வண்டுப் புழுவும்தான் அதன் சாப்பாடு. வேரைத் தின்ன வருவதில்லை. அதனால் ஆமணக்கு போன்ற கசப்பான செடியை நட்டால் ஓடிவிடும் என்று நம்பிவிட முடியாது.

செலவு
செடி: விதை வாங்கினால் போதும்.
எண்ணெய்: திரும்பத் திரும்ப வாங்க வேண்டும்.

பலன்
செடி: பக்கத்தில் நட்டாலே அகழெலி விலகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.
எண்ணெய்: கிழக்கத்திய அகழெலியிடம் ஓரளவு வேலை செய்கிறது. 3 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து அடித்து, தண்ணீரில் கரைத்து, மண்ணுக்குள் இறங்கும்படி ஊற்ற வேண்டும்.

நீடிப்பு
செடி: உறைபனி விழுந்ததும் செத்துப்போகும், ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டும்.
எண்ணெய்: நல்ல மழை பெய்தால் கரைந்து போகும், மறுபடி ஊற்ற வேண்டும்.

பாதுகாப்பில்தான் எனக்குப் பெரிய கவலை. ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பளபளவென்று புள்ளி போட்ட அந்த விதையைக் குழந்தை கண்டால் வாயில் போடும். நாய் இருக்கிற வீட்டிலும் வேண்டாம். கடையில் விற்கும் விளக்கெண்ணெயில் அந்த நஞ்சு இல்லை.

சரி, எதை எடுப்பது? குழந்தையோ நாயோ இருந்தால் யோசிக்காமல் எண்ணெய். யாரும் நடமாடாத வேலியோரத்தில் பெரிய இலை அழகுக்காக வேண்டுமானால் ஆமணக்கு நடலாம், பூங்கொத்தை விதை பிடிக்கும் முன்பே வெட்டிவிடுங்கள்.