சம்பளமா, பயண நேரமா: முரண்படும் அளவுகோல்களுக்கு எந்த முறை?

ஒரே சமயத்தில் மூன்று வேலைகள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ என்ற வேலையில் சம்பளம் அதிகம், அதை 100 என்று கொள்வோம். ஆனால் போய்ச்சேர 90 நிமிடம் ஆகும். ஆ-வில் சம்பளம் 85, பயணம் 40 நிமிடம். இ-யில் சம்பளம் 75, பயணம் 15 நிமிடம்தான். எதை எடுப்பது?

இப்படி ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்ற நிலைக்குப் பல முறைகள் இருக்கின்றன. மென்பொருள் வாங்குவதிலிருந்து அணைக்கு இடம் பார்ப்பது வரை அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நான் ஒரு முறையை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இதில் இவ்வளவு கிடைக்க அதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள் என்பதை அது நம்மிடம் நேராகக் கேட்கிறதா, அல்லது தானாகவே ஒரு பதிலை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறதா?

மதிப்பெண் அட்டவணை

எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு வெயிட்டேஜ், ஒவ்வொரு தேர்வுக்கும் (இங்கே ஒவ்வொரு வேலைக்கும்) மதிப்பெண், பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. சம்பளத்துக்கு 60, பயணத்துக்கு 40 என்று கொடுப்போம். ஒவ்வொன்றிலும் ஆகச் சிறந்ததற்கு 100, ஆக மோசமானதற்கு 0, இடையில் இருப்பவற்றுக்கு விகிதப்படி. கூட்டிப் பார்த்தால் அ-வுக்கு 60, ஆ-வுக்கு ஏறக்குறைய 51, இ-க்கு 40. அ-தான் முதலிடம். சரி.

இப்போது நான்காவதாக ஈ என்ற வேலை வருகிறது. சம்பளம் 50, பயணம் 60 நிமிடம். ஆ-வோடு ஒப்பிட்டால் இரண்டிலும் மோசம், இ-யோடு ஒப்பிட்டாலும் அப்படியே. யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனாலும் அதை அட்டவணையில் சேர்த்து, அதே 60-40 வெயிட்டேஜில் கணக்குப் போட்டால் இ-க்கு 70, ஆ-வுக்கு 69, அ-வுக்கு 60. யாருக்கும் வேண்டாத ஒரு வேலை உள்ளே வந்ததும் முதல் மூன்றின் வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது!

என்ன நடந்தது? முதல் கணக்கில் சம்பளத்தின் வீச்சு 75 முதல் 100 வரை. ஈ வந்ததும் அது 50 முதல் 100 வரை என்று இரட்டிப்பாகிவிட்டது. அதே 60 இரண்டு மடங்கு வீச்சுக்குப் பரவியதால், சம்பளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இருந்த மதிப்பு பாதியானது. வேறு விதமாகச் சொன்னால், முதல் கணக்கு 50 நிமிடப் பயணம் மிச்சமாவதைச் சம்பளத்தில் சுமார் 11 புள்ளிக்குச் சமமாக்கியது. இரண்டாவது கணக்கு அதே 50 நிமிடத்தைச் சுமார் 22 புள்ளியாக்கியது. இரண்டையும் யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

அதனால்தான் 'சம்பளம் எவ்வளவு முக்கியம்?' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டு வெயிட்டேஜ் போடுவது ஆபத்து. கேட்க வேண்டியது வேறு: சம்பளம் 75-லிருந்து 100 ஆவது பெரிதா, பயணம் 90-லிருந்து 15 நிமிடமாகக் குறைவது பெரிதா? வீச்சு மாறினால் இந்தக் கேள்வியை மறுபடி கேட்டாக வேண்டும். ஈ வந்த பிறகு வெயிட்டேஜை 75-25 என்று திருத்தினால் பழைய வரிசையே திரும்பி வந்துவிடும், போட்டுப் பாருங்கள். இந்த ஒரு திருத்தத்தோடு பயன்படுத்தினால் மதிப்பெண் அட்டவணை நல்ல கருவிதான், அதுவும் தேர்வுகள் இருபது, முப்பது என்று இருக்கும்போது.

ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது

கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏஹெச்பி (Analytic Hierarchy Process) முறையில் வெயிட்டேஜை நேரடியாகக் கேட்பதில்லை. இரண்டிரண்டு அளவுகோல்களாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்ல வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நாம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் அது காட்டிக்கொடுத்துவிடும். சம்பளம் பயணத்தைப்போல் 3 மடங்கு, பயணம் ஓய்வு நேரத்தைப்போல் 2 மடங்கு என்று சொல்லிவிட்டு, சம்பளம் ஓய்வு நேரத்தைப்போல் 2 மடங்குதான் என்றால் கணக்கு இடிக்கும். பதில்கள் எவ்வளவு இடிக்கின்றன என்பதைக் காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.10-ஐத் தாண்டினால் பதில்களைத் திரும்பப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

ஆனால் வேலை அதிகம். பத்து அளவுகோல்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் 45 ஒப்பீடுகள். நாற்பதாவது கேள்விக்கு வரும்போது யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. அப்புறம், புதிதாக ஒரு தேர்வைச் சேர்த்தால் பழைய வரிசை புரளும் சிக்கல் இதிலும் உண்டு; 1983-லேயே அதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 'எத்தனை மடங்கு முக்கியம்' என்ற கேள்வியிலும் எந்த வீச்சுக்கு என்பது சொல்லப்படுவதில்லையே.

கோடு போட்டுக் கழிப்பது

பயணம் 45 நிமிடத்துக்கு மேல் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1950-களில் சொன்ன 'போதுமானது கிடைத்தால் நிறுத்து' என்ற கருத்தும், 1972-ல் உளவியலாளர் ஏமோஸ் ட்வெர்ஸ்கி விவரித்த ஒவ்வோர் அம்சமாகக் கழித்துக்கொண்டே போகும் வழியும் இந்த வகை. வேகமானது, தேர்வுகள் நூறு இருக்கும்போது வேறு வழியும் இல்லை. குறை வெளிப்படை: 46 நிமிடம் ஆகும் ஓர் அருமையான வேலை, திறந்தே பார்க்காமல் குப்பைக்குப் போகும். உடல்நலம், சட்டம் போன்று உண்மையாகவே மீற முடியாத இடங்களில் மட்டும் கோடு போடுங்கள்.

சமன் செய்து அடிப்பது

1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு வழி சொன்னார்: தாளை இரண்டாகப் பிரித்து, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதி, சம எடையுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வருவது. முடிவெடுக்கும் முறைகளை ஆராய்ந்த ஹேமண்ட், கீனி, ரைஃபா மூவரும் 1998-ல் அதைப் பல தேர்வுகளுக்கும் பொருந்தும்படி விரித்தார்கள்.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அ-வின் பயணம் 90-லிருந்து 40 நிமிடமாகக் குறைந்தால், அதற்காகச் சம்பளத்தில் எவ்வளவு விடுவீர்கள்? 20 என்று சொன்னால், அ என்பது 80 சம்பளம், 40 நிமிடம் என்றாகிறது. ஆ-வும் 40 நிமிடம்தான். பயணத்தை அடித்துவிடலாம். 85-க்கு முன் 80 தோற்கிறது, அ போயிற்று. அடுத்து ஆ-வையும் இ-யையும் எடுங்கள். 40 நிமிடம் 15 ஆவதற்கு எவ்வளவு விடுவீர்கள்? 25 நிமிடம்தானே, அவ்வளவு கொடுக்க மாட்டேன், 6 போதும் என்றால் ஆ-வின் சம்பளம் 79 ஆகிறது. இ-யின் 75-ஐ விட மேல். ஆ-வை எடுங்கள்.

முதல் 50 நிமிடத்துக்கு 20, அடுத்த 25 நிமிடத்துக்கு 6 என்று வேறு வேறு விகிதத்தில் சொல்ல முடிந்ததைக் கவனியுங்கள். நீண்ட பயணத்தின் அலுப்பு வேறு, குறுகிய பயணத்தின் அலுப்பு வேறு. மதிப்பெண் அட்டவணை சாதாரணமாக ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரே விலைதான் போடும். சொந்த முடிவுகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். தேர்வுகள் ஐந்தாறுக்கு மேல் போனால் மட்டும் கை வலிக்கும்.

ஈடுசெய்யவே முடியாதபோது

சில இழப்புகளுக்கு எதையும் ஈடாக வைக்க முடியாது. குடிநீர் கெடும் என்றால் எத்தனை லாபமும் அதைச் சரிக்கட்டாது. 1960-களில் பிரான்சில் பெர்னார் ருவா தொடங்கிய எலெக்ட்ர (ELECTRE) முறைகள் இதற்கென்றே வந்தவை. பெரும்பாலான அளவுகோல்களில் ஒன்று மேலாக இருந்தாலும், ஏதாவது ஒன்றில் மட்டும் படுமோசமாக இருந்தால் 'இது அதைவிட நல்லது' என்று சொல்லவிடாமல் வீட்டோ என்ற தடை விதி தடுக்கும். சில சமயம் 'இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது' என்றே முடிவு வரும். பலருக்கு அது எரிச்சலூட்டலாம், எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

குழுவாக முடிவெடுக்கும்போது எந்த முறையானாலும், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் '50 நிமிடத்துக்கு எவ்வளவு விடுவேன்' என்பதுபோல் தங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். ஒருவர் 10 என்றும் இன்னொருவர் 30 என்றும் எழுதியிருந்தால், பேச வேண்டியது அந்த 20 புள்ளியைப் பற்றித்தான். அட்டவணையை அதற்குப் பிறகு திறந்துகொள்ளலாம்.