நடுராத்திரி ஐந்து பீப்: ஹியூமிடிஃபயருடன் இரண்டு குளிர்காலம்

சீக்கிரமே அப்பாவாகப் போகிற நண்பன் கேட்டான்: "ரூம்ல ஹீட்டர் இருக்கே, ஹியூமிடிஃபயரும் வாங்கணுமாடா?" அறைக் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி அது. ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் விடிகாலை நாலு மணிக்கு அந்தச் சனியன் எங்கள் மூன்று பேரையும் எழுப்பிவிட்டிருந்தது.

எங்களுடையது அல்ட்ராசோனிக் வகை, அதாவது ஒரு தகட்டை அதிரவைத்துத் தண்ணீரைத் தெறிக்கவைப்பது. சூடில்லாத பனிப்புகை விடும், தொட்டி இரண்டரை லிட்டர். வெந்நீராவி விடும் வகையைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்க வேண்டாம் என்பார்கள். தவழ்கிற கை இழுத்துக் கவிழ்த்தால் சுட்டுவிடும்.

முதல் குளிர்காலத்தில் மகளுக்கு மூன்று மாதம். ஹீட்டர் ஓட ஓட அவள் மூக்கில் பொருக்குத் தட்டியது. அந்த வயதில் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு. அது அடைத்தால் பால் குடிக்க முடியாது. நாலு வாய் உறிஞ்சுவாள், விடுவாள், அழுவாள், மறுபடி தேடுவாள். காற்றில் இருக்கிற தண்ணீரை ஹீட்டர் குடித்துவிடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. வெளியே பூஜ்யம் டிகிரியில் 100 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிற காற்றையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். இருக்கிற தண்ணீர் அதேதான். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம்.

மருத்துவர் சொன்ன உப்புநீர் மூக்குச் சொட்டோடு ஹியூமிடிஃபயரையும் வைத்தோம். மூன்றாவது இரவு அந்த 'கொர் கொர்' சத்தம் இல்லை. இருட்டில் எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு அமைதியாகத் தூங்கினாள். அந்த ஒரு இரவுக்காக இதன் பல பாவங்களை மன்னிக்கலாம்.

எல்லாவற்றையும் அல்ல. தண்ணீர் தீர்ந்தால் இது ஐந்து முறை 'பீப்' அடிக்கும். ராத்திரி எட்டுக்கு நிரப்பி நடு அளவில் வைத்தால் சரியாக நாலுக்குத் தீரும். குழந்தை தூங்குவதற்காக வாங்கிய பொருள், குழந்தை நன்றாகத் தூங்குகிற நேரம் பார்த்து மணியடிக்கிறது. தண்ணீர் தீர்ந்தால் தானாகவே அணைந்தும் விடுகிறது. அப்புறம் யாருக்கு இந்தச் சேதி? சரி, அளவைக் குறைத்து வைக்கலாம் என்று பொத்தானைத் தொட்டால் அதற்கும் ஒரு பீப். குறைந்த அளவுக்கு வர மூன்று தடவை அழுத்த வேண்டும். இதை வடிவமைத்தவர் வீட்டில் குழந்தை இருந்திருக்காது. இருந்திருந்தால் அவர் வேறு அறையில் தூங்கியிருப்பார்.

போன மாதம் புகை வருவது நின்றது. உள்ளே அதிர்கிற வட்டத் தகட்டில் உப்பு படிந்து பாழாகியிருந்தது. தகடு மாற்றிய ரிப்பேர்க்காரரிடம், "அந்தப் பீப்பையும் பிடுங்கிப் போட்டுடுங்க" என்றேன். சிரித்தார். பிடுங்கவில்லை.

உப்பு என்றதும் நினைவு வருகிறது: வெள்ளைத் தூள். முதல் மாதம் அலமாரி, தொட்டில் கம்பி எல்லாம் பவுடர் போட்டது மாதிரி ஆனது. நான் புத்திசாலித்தனமாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பார்த்தேன். கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? இந்த வகை தண்ணீரை உப்போடு சேர்த்தே தெறிக்கவைக்கிறது. உப்பில்லாத, காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீருக்கு மாறிய பிறகுதான் தூள் நின்றது. தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோம்பினால் உள்ளே வழவழவென்று ஒரு படலம் வரும். அதைத்தான் குழந்தை மூச்சாக இழுக்கும் என்று நினைத்தால் சோம்பல் போய்விடும்.

இன்னொன்று, இது அதிகமாகவும் ஓடக்கூடாது. முதல் வாரம் ஆர்வத்தில் உச்ச அளவில் வைத்தேன். ஜன்னல் கண்ணாடி அழுதது, திரைச்சீலை ஓரத்தில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். பிறகு ஈரப்பதமானி ஒன்று வாங்கி, முள்ளை 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்துக்கொண்டோம்.

அந்த முள்தான் என் வாயை அடைத்தது. தகடு போய் மெஷின் ரிப்பேரில் இருந்த வாரம், மனைவி குழந்தைத் துணிகளைத் துவைத்து அந்த அறையிலேயே காயப்போட்டாள். வெயிலில்லாத நாளில் வேறு எங்கே காயும்? ராத்திரி முள் 43 காட்டியது. பீப் இல்லை, தூள் இல்லை, கழுவுகிற வேலை இல்லை. "இத்தனை நாள் இதுக்கா சண்டை போட்டோம்?" என்றாள்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. முதலில் ஈரப்பதமானி வாங்கு, துணியைக் காயப்போடு, அப்புறம் பார்.

"அப்ப உன்னோடதைக் குடு, சும்மாதானே கிடக்கு" என்றான். பனிக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.