சோவெட்டோவின் கருப்பு மாதா: ரெஜினா முண்டி ஆலயச் சுற்று

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி ஏற்பாடு செய்தவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், வந்ததும் சீக்கிரம் கிளம்பலாம் என்று அவசரம் வேறு, அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன். ஆனால் சோவெட்டோவில், அதாவது நிறவெறி ஆட்சி கருப்பர்களை ஒதுக்கி வைத்த நகர்ப்பகுதியில், இருக்கும் ரெஜினா முண்டி என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் போனதும் அந்தக் கோபம் மறந்தே போயிற்று. வெளியே பார்த்தால் என்னவோ பெரிய கிடங்கு மாதிரிதான் இருக்கிறது. உள்ளே லாரி ஸ்கல்லி 1973-இல் வரைந்த கருப்பு மாதா, கையில் கருப்புக் குழந்தை இயேசு. கருப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்று சட்டமே சொன்ன காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஓவியர் வரைந்தது இது. மாதாவுக்குக் கீழே ஒரு பெரிய கண். அதை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். கருவிழிதான் சோவெட்டோ, அதைக் குத்த வரும் முட்கரண்டிகள் நிறவெறி தந்த வலி, நடுவில் இருக்கும் சிலுவை திருச்சபை என்று வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். அப்புறம் மேலே கையைக் காட்டினார், கூரையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள்! 1976 ஜூன் 16 அன்று பள்ளிகளில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் ஓடி வந்து இங்கே ஒளிந்தபோது போலீஸ் உள்ளேயே புகுந்து சுட்டிருக்கிறது. பின்னாளில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதே கட்டடத்திலும் விசாரணை நடத்தியது. போனால் வழிகாட்டி இல்லாமல் சுற்றாதீர்கள், பாதி விஷயம் கண்ணிலேயே படாது.