ஸ்லாட் கணக்கில் வாய்ஸ் சர்வர் வாடகைக்கு எடுத்து ஏமாந்தோம், நீங்கள் மாட்டாதீர்கள்

கேம் ஆடும்போது பேசிக்கொள்ள வாய்ஸ் சர்வர் வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கில்டு (கேமில் சேர்ந்து ஆடும் குழு) ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டியது. எட்டு மாதம்கூட ஓடவில்லை. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். இந்தக் கூத்தில் எங்கள் ஹீலர் (ஆட்டத்தில் மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுபவர்) தம்பி மேல் அநியாயமாகப் பழி போட்டோமே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் இருபத்திரண்டு பேர். வாரத்தில் மூன்று இரவு ரெய்டு, அதாவது எல்லோரும் சேர்ந்து பெரிய எதிரியை அடிக்கும் ஆட்டம். டிஸ்கார்ட் என்ற பேசும் செயலி இலவசமாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்களில் நாலைந்து பேருடைய கணினி பழசு. கேமையும் டிஸ்கார்டையும் சேர்த்துத் திறந்தால் மூச்சுத் திணறும். அதனால் மம்பிளுக்குப் போனோம். 2005-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். இடம் அதிகம் பிடிக்காது, குரல் சட்டென்று போய்ச் சேரும், காசு கிடையாது. ஆனால் அதை ஓட்ட ஒரு சர்வர் வேண்டுமே! அங்கேதான் சிக்கினோம்.

'50 ஸ்லாட், தாக்குதல் தடுப்பு இலவசம், வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி' என்று ஒரு வாடகை நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தது. ஸ்லாட் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற கணக்கு. 2000-களின் தொடக்கத்தில், வென்ட்ரிலோவும் டீம்ஸ்பீக்கும் கொடிகட்டிப் பறந்த காலத்து வழக்கம் அது. மம்பிளில் இந்த ஸ்லாட் என்பது சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அதில் 50 என்று எழுதினால் 50, 100 என்று எழுதினால் 100. அந்த எண்ணுக்குத்தான் நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டினோம்.

சரி, ஆள் கூடினால் சர்வருக்குச் செலவு கூடாதா? கூடும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். மம்பிள் சர்வர் குரல்களைக் கலப்பதில்லை, மாற்றுவதும் இல்லை. வந்த பாக்கெட்டை (குரலின் சிறு துண்டை) வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தபால்காரர் வேலைதான் அதற்கு. ஒருவர் குரல் விநாடிக்கு 40 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், அதை 21 பேருக்கு அனுப்ப 840 கிலோபிட். பாக்கெட்டின் தலைப்புச் சுமையைச் சேர்த்தாலும் ஒன்றரை மெகாபிட்டைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஆறு மாதம் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் அருமை. அப்புறம் இரவு நேரத்தில் குரல் ரோபோ மாதிரி இழுக்க ஆரம்பித்தது. 'இப்போ ஹீல் போடு' என்று தலைவர் கத்துவது நாலு விநாடி கழித்து மொத்தமாக வந்து கொட்டும். அதற்குள் முன்னால் நிற்பவர் செத்திருப்பார். புகார் எழுதினோம். வந்த பதில்: 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது. உங்கள் உறுப்பினர்களின் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.' மறுபடி எழுதினோம், எழுத்து மாறாமல் அதே பதில். அதை நம்பி எங்களுக்குள் ஆள் தேட ஆரம்பித்தோம். யாருக்குத் தாமதமானாலும் கடைசியில் ஹீல்தான் தவறும், அதனால் எல்லோர் கண்ணும் ஹீலர் மேல் விழுந்தது. 'அண்ணா, என் நெட் நல்லாத்தான் இருக்கு, கேம்ல பிங் நாற்பதுதான் காட்டுது' (பிங் என்பது தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லி விநாடியில்) என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ரவுட்டரை மாற்றினான், வயர் இழுத்தான், ஹெட்செட்கூடப் புதிதாக வாங்கினான். இரண்டு மாதம் கேலியையும் திட்டையும் பொறுத்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கில்டை விட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகும் குரல் இழுத்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. மம்பிளில் ஒருவர் பெயர் மேல் வலது சொடுக்கு செய்து தகவல் பார்த்தால், எத்தனை பாக்கெட் ஒழுங்காக வந்தது, எத்தனை தாமதம், எத்தனை தொலைந்தது என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் இணைப்பு மோசம் என்றால் அவர் எண் மட்டும் ஏற வேண்டும். நாங்கள் பார்த்தபோது வேறு வேறு இடத்தில், வேறு வேறு இணைப்பில் இருந்த பதினான்கு பேருக்கும் ஒரே நிமிடத்தில் எண் எகிறியது. பதினான்கு வீட்டிலும் ஒரே நொடியில் கோளாறு வருமா?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எழுத்துப் பெட்டியில், 'யுடிபி பாக்கெட் போகவில்லை, டிசிபி முறைக்கு மாறுகிறேன்' என்ற பொருளில் மம்பிளே ஒவ்வொரு இரவும் எழுதிவைத்திருந்தது. மாதக்கணக்கில் அந்த வரியை யாரும் படிக்கவே இல்லை. யுடிபி, டிசிபி இரண்டும் இணையத்தில் தகவல் அனுப்பும் முறைகள். குரல் சாதாரணமாக யுடிபியில் போகும். அங்கே ஒரு துண்டு தொலைந்தால் போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்தது வரும். டிசிபியில் தொலைந்த துண்டை மறுபடி வாங்கும்வரை பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் காத்திருக்கும். நாலு விநாடிப் பேச்சு மொத்தமாகக் கொட்டியது அதனால்தான்.

படம் பிடித்து அனுப்பினோம். கடைசியில் ஒருவர் வாய் தவறி உண்மையை எழுதிவிட்டார். எங்கள் சர்வர் இருந்த அதே இயந்திரத்தில் பல கேம் சர்வர்களும் ஓடுகின்றனவாம். அவற்றின் மேல் தாக்குதல் வரும்போது 'பாதுகாப்புக்காக' எல்லோருடைய யுடிபியையும் மட்டுப்படுத்துவார்களாம். அவர்கள் விளம்பரம் செய்த இலவசத் தாக்குதல் தடுப்பு இதுதான். வாய்ஸ் சர்வரை வாடகைக்கு விட்டுவிட்டு வாய்ஸ் போகும் வழியை அடைப்பது!

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், விதிமுறையில் இடமில்லை என்றார்கள். சரி, தரவுத்தளக் கோப்பையாவது கொடுங்கள், வேறு இடத்துக்குப் போகிறோம் என்றோம். சேனல்கள், அனுமதிகள், பதிவு செய்த உறுப்பினர்கள் எல்லாம் அந்த ஒரே கோப்பில்தான் இருந்தன. அதற்குத் தனிக் கட்டணமாம். சர்வர் மேல் முழு அதிகாரம் தரும் சூப்பர்யூசர் கடவுச்சொல்லையும் அவர்கள் எங்களுக்குக் கொடுத்ததே இல்லை. ஏதோ துணை நிர்வாகி உரிமை மட்டும். 'வருடம் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டோம்' என்று முன்கூட்டியே எழுதினோம். இரண்டாம் நாள் சர்வரைக் காணோம்.

இப்போது ஒரு சின்ன மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, மம்பிளை நாங்களே நிறுவியிருக்கிறோம். 64738 என்ற போர்ட்டை (சர்வருக்குள் நுழையும் வாசல் எண்) டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருபது பேர் பேசினாலும் அந்த இயந்திரம் தூங்கி வழிகிறது. டீம்ஸ்பீக்தான் பிடிக்கும் என்றால், உரிமம் வாங்காமலே 32 பேர் வரை சொந்தமாக ஓட்டலாம்.

இல்லை, வாடகைக்குத்தான் எடுப்பேன் என்றால், ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். சூப்பர்யூசர் கடவுச்சொல்லும் தரவுத்தளத்தின் நகலும் தருவீர்களா என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். அடைசலான இரவு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து அந்தத் தகவல் சாளரத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். காலையில் பார்த்தால் எல்லா சர்வரும் நல்ல சர்வர்தான். உங்கள் மம்பிள் சான்றிதழை ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள், இல்லையென்றால் கணினி மாற்றும்போது உங்களை உங்கள் சர்வருக்கே அடையாளம் தெரியாது. இன்னொன்று: மம்பிளில் குரல் உங்கள் கணினியிலிருந்து சர்வர் வரைதான் மறையாக்கம் ஆகிறது. சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைத்தால் கேட்கலாம். இது தெரிந்த அன்று எங்கள் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஹீலர் தம்பியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வேறு கில்டில் சேர்ந்துவிட்டானாம், நன்றாக ஆடுகிறானாம். 'பரவாயில்லண்ணா, அந்தப் புது ஹெட்செட் மட்டும் நல்லா இருக்கு' என்றான். அந்த நிறுவனத்திலிருந்து இன்னமும் மாதம் தவறாமல் அஞ்சல் வருகிறது: 'உங்கள் 50 ஸ்லாட்கள் காத்திருக்கின்றன, உடனே புதுப்பியுங்கள்.'