எட்டு ஆண்டுகளாக என் கராஜில் ஒரு 1990 மியாட்டா

2017 கோடையில் 3,800 டொலர் கொடுத்து இந்தச் சிவப்புக் காரை வாங்கியபோது அது 2,14,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. மடக்குக் கூரையுள்ள இரண்டு இருக்கைக் கார், மஸ்டா எம்.எக்ஸ்-5. வட அமெரிக்காவில் மியாட்டா என்றே சொல்கிறோம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் வீட்டுக் கராஜில் ஒரு காரும் ஒரு மேசையும்தான் கொள்ளும். கோடையில் ஓட்டுகிறேன், பனிக்காலத்தில் கழற்றிப் பூட்டுகிறேன். இப்படியொரு கார் வாங்க நினைப்பவர் என்னைக் கேட்டால், எஞ்சினைப் பற்றிச் சொல்லும் முன் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவேன்.

மடக்குக் கூரையில் விழும் மழைநீர் பின்னால் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய்கள் வழியாகப் பின் சில்லுக்கு முன்னே தரையில் இறங்க வேண்டும். சருகும் தூசியும் அந்தக் குழாயை அடைத்துவிட்டால், கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் பகுதிக்குள் நீர் புகுந்து நின்றுவிடும். வெளியே ரொறன்ரோ வீதிகளின் உப்பு, உள்ளே தேங்கிய நீர். தகடு உள்ளிருந்தே கறள் பிடிக்கிறது. வெளியே பெயின்ரில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

என் காரில் கொப்புளம்கூட இல்லை. யாரோ பட்டி பூசி, அதன்மேல் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்திருந்தார்கள். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் ஒட்டாமல் விழுந்திருக்கும், நான் பார்க்கவில்லை. ஒன்ராறியோவில் பழைய காரைப் பதிந்து ஓட்டப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. பரிசோதித்தவர் காரை உயர்த்தி அந்த இடத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. பட்டி பூசியவர் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. கூரையில்லாத காரின் விறைப்பு பெருமளவு அந்தத் தகட்டை நம்பியே இருக்கிறது. அதை மறைத்து விற்பது, உட்காரப் போகிறவரின் உயிரைக் கணக்கில் எடுக்காத செயல்.

இரு பக்கமும் வெட்டிப் புதுத் தகடு வைக்க 2,600 டொலர் ஆனது. வெல்டிங் எனக்குத் தெரியாது, அதை மட்டும் வெளியே கொடுத்தேன். அதன் பிறகு வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை, புல்வெட்டி இயந்திரத்தின் தடித்த நைலோன் இழையைக் குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்கிறேன். கம்பி வேண்டாம், குழாயைக் குத்திவிடும். பிறகு ஒரு குவளை நீர் ஊற்றி, அது தரையில் கொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

எஞ்சின் எனக்குப் பெரிய துன்பம் தந்ததில்லை. 1.6 லீற்றர், 116 குதிரைத்திறன். காரின் எடை ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு என்பதால் அதுவே தாராளம். ஆனால் 1991இன் இடைப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் தண்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின், முன் முனை குட்டையானது. முன்னால் உள்ள போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால் கப்பியைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை என்ற சிறு இரும்புத் துண்டும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்து, தண்டே கெட்டுவிடும். கப்பியின் நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் நீளம். என்னுடையது நான்கு. வால்வுகளைக் கிராங்க் தண்டோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ற்றை மாற்றக் கழற்றிய அன்று அந்தப் பள்ளத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தேன். தேயாமல் இருந்தது. அதே வேலையோடு நீர்ப்பம்பையும் எண்ணெய் சீல்களையும் மாற்றிவிடுங்கள். மறுபடி அவ்வளவையும் கழற்ற மனம் வராது. இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் இடிபடாது என்பது பெரிய ஆறுதல்.

மிதியை அழுத்தும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளச்சை விடுவிக்கும் கீழ்ச் சிலிண்டர் மட்டும் இருமுறை ஒழுகியது. இது இந்தக் காருக்குப் பழக்கமான நோய். புதியதைப் பூட்டிய பிறகு குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திருகியைத் திறந்து மூட. இரண்டாம் முறை மிதித்தவர் என் மாமா. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் ஓட்டியவர். போரினால் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். நான் அருகில் நின்று போத்தலைப் பிடித்திருப்பேன். காரைப் பிரித்தால் மறுபடி பூட்டிவிடலாம் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. மியாட்டாவின் மூடியைத் திறந்ததும் அவர் காபரேற்றரைத் தேடினார். இதில் பெற்றோலைக் கணினி அளந்து பீய்ச்சுகிறது என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கியர்த் தண்டின் அடியிலுள்ள சிறு ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே வரும் சூடும் இரைச்சலும் அன்றே அடங்கும். கூரையை மடக்கும் முன் பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறக்க மறக்காதீர்கள், மடிந்தால் வெடித்துவிடும். எழும்பும் முன்விளக்கு ஒன்று பாதியில் நின்றால் பயம் வேண்டாம். அதன் மோட்டாரில் ரப்பர் மூடிக்குக் கீழே கையால் சுழற்றும் குமிழ் இருக்கிறது.

உதிரிப்பாகங்களுக்கு இதுவரை ஏறத்தாழ 4,100 டொலர். காரின் விலையும் தகட்டு வேலையும் சேர்த்தால் 10,500. ஆரம்பத்திலேயே 7,000 டொலருக்குக் கறள் இல்லாத ஒன்றை வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். நீங்கள் அப்படியே செய்யுங்கள். பாகங்கள் கிடைப்பதில் குறையே இல்லை. 2016இல் பத்து இலட்சமாவது எம்.எக்ஸ்-5 ஹிரோஷிமாவில் உருவானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

இந்தப் பனிக்காலத்துக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. பின் சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் நீண்ட போல்ட் அதன் உறைக்குள் கறளேறி இறுகிக் கிடக்கிறது. அது அசையாமல் சில்லின் கோணத்தைத் திருத்த முடியாது. மூன்று வாரமாக ஊடுருவும் எண்ணெய் ஊற்றி வருகிறேன். வரும் சனிக்கிழமைக்குள் அசையாவிட்டால் வெட்டியே எடுக்க வேண்டும். புது போல்ட் மேசையில் இருக்கிறது.